இராமானுஜனும் மிகு பகு எண்களும்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நானாஸ் என்னும் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் நானாஸ் என்றால் அன்னாசிப்பழம். அந்த ஊரில் ஒருவர் 59 அன்னாசிப்பழங்களைப் பெட்டிகளில் அடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எண்ணிக்கையில் பழங்கள் இருக்க வேண்டும். ஒரு பழமும் மிஞ்சக் கூடாது. அவருக்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. எல்லாப் பழங்களையும் ஒரே பெட்டியில் வைக்கலாம். அல்லது பெட்டிக்கு ஒரு பழம் வீதம் 59 பெட்டிகளில் வைக்கலாம். இன்னும் ஒரே ஒரு பழம் கூடி 60 ஆகிவிட்டால் நிலைமை மாறிவிடும். 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரண்டு வழிகளில் அவர் அடுக்கலாம். 60ஐவிடப் பெரிய எண்ணான 64க்குக் கூட ஏழு வழிகள்தாம் உண்டு.

60க்கு இந்தச் சிறப்பு எப்படி வந்தது? இதைப் போல வேறு எந்தெந்த எண்கள் உள்ளன? பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஒரு பெரிய எண்ணிலும் இத்தகைய சிறப்பு உண்டு என்பதை எவ்வாறு கண்டறிவது? இக்கேள்விகளைத் தம் இளமையிலேயே எழுப்பி, விடையும் கண்டவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் இரண்டு முறை தோல்வியுற்ற அவருக்குப் பின்னாளில் பட்டம் பெற்றுத் தந்ததும் இந்த ஆராய்ச்சியே.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தம் தாயின் ஊரான ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணியாற்றினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய ஓட்டு வீட்டில் இராமானுஜன் வளர்ந்தார். இரண்டு வயதில் அவரைப் பெரியம்மை தாக்கியது. பல குழந்தைகளைப் பலி கொண்ட அந்நோயிலிருந்து அவர் பிழைத்தெழுந்தார்.

1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் அவர் அமைதியானவர். ஆயினும் அவர் கேட்கும் கேள்விகள் ஆசிரியர்களைத் திகைக்க வைத்தன. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் ஒருநாள் விளக்கினாராம். மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும் அல்லவா? அப்படியானால், பழமே இல்லாமல், வாங்குவதற்கு ஆளும் இல்லாமல் போனால் அப்போதும் ஒன்று கிடைக்குமா என்று இராமானுஜன் கேட்டதாகச் சொல்வார்கள்.

பதின்மூன்று வயதுக்குள் லோனி என்பவர் எழுதிய கோணவியல் நூலைக் கற்றுத் தேர்ந்தார். கல்லூரி மாணவர்களே அவரிடம் வந்து ஐயம் கேட்டுச் சென்றனர். பள்ளியில் படித்த ஏறத்தாழ 1200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் பொருத்திக் கால அட்டவணை தயாரிக்கும் வேலையை மூத்த கணித ஆசிரியர் அவரிடம் ஒப்படைத்தார். பிறருக்குச் சுமையாக இருந்த வேலை அவருக்கு விளையாட்டாக இருந்தது.

1903ஆம் ஆண்டு அவர் கைக்கு ஒரு நூல் கிடைத்தது. கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. அதில் ஏறத்தாழ 5000 கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை; இருந்தவையும் ஓரிரு வரிக் குறிப்புகளே. வேறொருவருக்கு இந்நூல் சலிப்பூட்டியிருக்கும். இராமானுஜனுக்கோ அது திறந்த வாயிலாக அமைந்தது. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும்போது புதிய முடிவுகள் தோன்றின. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கத் தொடங்கினார். காகிதம் விலை கூடுதலாக இருந்ததால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, இறுதி விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அவர் குறிப்பேடுகளில் முடிவுகள் நிறைந்தும் நிறுவல்கள் குறைந்தும் காணப்படுவதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமாகும்.

தோல்வியும் வறுமையும்

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. ஆனால், அங்குதான் சோதனை தொடங்கியது. கணிதத்தைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலம் முதலிய பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அந்தத் தொகையின்றிப் படிக்க வைக்கும் வசதி குடும்பத்துக்கு இல்லை. மனம் நொந்த இராமானுஜன், 1905ஆம் ஆண்டு எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். மகனைத் தேடிப் பெற்றோர் பட்ட துயரம் கொஞ்சமன்று.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே கதைதான். கணிதத் தாள் அவருக்கு எளிது; உடலியல் தாளோ பெரும் தடை. கல்லூரி இடைநிலைத் தேர்வை இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் தோற்றார். பட்டம் இல்லை, ஆகவே, வேலையும் இல்லை. 1909ஆம் ஆண்டு ஜானகி என்னும் சிறுமியுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பும் இப்போது தோளில் ஏறியது. சில நாள்களில் அவர் போதிய உணவின்றியும் இருந்தார். அந்த நாள்களிலும் குறிப்பேட்டின் பக்கங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன.

அக்குறிப்பேட்டையே சான்றிதழாகக் கையில் ஏந்தி வேலை தேடிப் புறப்பட்டார். 1910ஆம் ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். அவர் வருவாய்த் துறை அதிகாரி. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய அறிவாளியை ஓர் எழுத்தர் மேசையில் முடக்க விரும்பவில்லை. சென்னையில் இருந்த கணித அறிஞர்களிடம் அவரை அனுப்பி வைத்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ், இராமானுஜனின் திறமையை முதலில் ஐயுற்றார். பேசப் பேச வியப்படைந்தார். மாதம் 25 ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து உதவினார். 1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

பிறர் தரும் பணத்தில் நெடுநாள் வாழ அவர் மனம் இடம் தரவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் ஒரு கணித ஆர்வலர். அலுவலகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவளித்தார்.

கடல் கடந்த கடிதம்

நண்பர்களின் தூண்டுதலால் இராமானுஜன் இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். முதல் இரண்டு முயற்சிகளும் பலன் தரவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தம்மை ஓர் எழுத்தர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தாம் கண்ட முடிவுகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அதனுடன் இணைத்திருந்தார்.

ஹார்டி முதலில் அதை ஏமாற்று வேலையோ என்று எண்ணினார். அன்று மாலை தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தார். சில முடிவுகள் ஏற்கெனவே அறியப்பட்டவை. சில முற்றிலும் புதியவை, அவர்களே கண்டிராதவை. எழுதியவர் உயர்தரக் கணித அறிஞர் என்பது இரவு முடிவதற்குள் இருவருக்கும் தெளிவாயிற்று. உடனே இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்து வர ஹார்டி முயன்றார்.

அக்காலத்தில் ஆசாரம் மிக்க குடும்பத்தினர் கடல் கடந்து செல்வதை ஏற்கவில்லை. தாயார் மறுத்தார், இராமானுஜனும் தயங்கினார். 1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. எழுத்தர் பணியிலிருந்து விடுபட்டு முழுநேரமும் ஆய்வில் ஈடுபட்டார். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் சென்னைக்கு வந்தபோது, நிலைமை மாறியிருந்தது. தாயார் இசைவளித்தார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கப் பல்கலைக்கழகம் முன்வந்தது. அத்தொகையின் ஒரு பகுதி குடும்பத்தின் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. குடுமியை எடுத்துவிட்டு, மேல்நாட்டு உடை அணிந்து, இளம் மனைவியைத் தாயாரிடம் விட்டுவிட்டு, 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார். ஏப்ரல் மாதத்தில் இலண்டனை அடைந்தார்.

மிகு பகு எண்கள்

கேம்பிரிட்ஜில் இராமானுஜன் வெளியிட்ட பெரிய கட்டுரைகளுள் ஒன்று மிகு பகு எண்களைப் பற்றியது. 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அக்கட்டுரை வந்தது. அது என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

1, தன் எண் ஆகிய இரண்டால் மட்டும் மீதியின்றி வகுபடும் எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 முதலியவை பகா எண்கள். இரண்டுக்கும் மேற்பட்ட காரணிகள் உள்ள எண் பகு எண். பகா எண்களைப் பற்றிக் கணித அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்தனர். இராமானுஜன் அதற்கு நேர் எதிர்த் திசையில் நோக்கினார். பகா எண் காரணிகளில் மிக ஏழை என்றால், காரணிகளில் மிகப் பெரிய செல்வர் யார் என்று அவர் கேட்டார். தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விடக் கூடுதலான காரணிகள் உடைய எண்ணை மிகு பகு எண் என்று வரையறுத்தார்.

4க்கு மூன்று காரணிகள். 6க்கு நான்கு. 12க்கு ஆறு. 24க்கு எட்டு. 36க்கு ஒன்பது. 48க்குப் பத்து. 60க்குப் பன்னிரண்டு. இவை ஒவ்வொன்றும் தனக்கு முன்வந்த எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வென்றுவிடுகிறது. ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு வட்டத்துக்கு 360 பாகை என்று முன்னோர் வகுத்த அளவுகள் எல்லாம் மிகு பகு எண்களாக இருப்பதைக் காணலாம். பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று எனப் பலவாறு பங்கிட இவை எளியவை. கிரேக்க அறிஞர் பிளேட்டோ, தம் கற்பனை நகரத்தில் 5040 குடிமக்கள் இருக்க வேண்டும் என்று வகுத்தார். அந்த எண்ணை ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதே அதற்குக் காரணம். 5040உம் ஒரு மிகு பகு எண்தான்; அதற்கு 60 காரணிகள்.

சிறிய எண்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிடலாம். கோடிகளைத் தாண்டிய எண்களை அவ்வாறு சோதிக்க மனித ஆயுள் போதாது. ஆகவே, அந்த எண்களின் உள்ளமைப்பை இராமானுஜன் ஆராய்ந்தார். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். 60 என்பது 2×2×3×5. இதில் 2 இருமுறையும், 3 ஒரு முறையும், 5 ஒரு முறையும் வருகின்றன. ஒவ்வோர் எண்ணிக்கையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3×2×2, அதாவது 12 கிடைக்கும். இதுவே காரணிகளின் எண்ணிக்கை.

இந்த வழியைக் கொண்டு அவர் சில விதிகளை நிறுவினார். முதலாவது, மிகு பகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். 2×2×3×7 என்பது 84. இங்கே 5 விடுபட்டு 7 வந்துள்ளது. 84க்கும் பன்னிரண்டு காரணிகள்தாம். 7க்குப் பதில் 5ஐ இட்டால் 60 என்னும் சிறிய எண்ணே அதே காரணிகளைத் தந்துவிடும். ஆகவே, 84 போட்டியில் தோற்கிறது.

இரண்டாவது, சிறிய பகா எண் பெரிய பகா எண்ணைவிடக் குறைந்த முறை வரக் கூடாது. 2×3×3 என்பது 18. அதற்கு ஆறு காரணிகள். 2×2×3 என்பது 12. அதற்கும் ஆறு காரணிகள். சிறிய எண் 12 இருக்கும்போது 18க்கு அந்தச் சிறப்பு இல்லை.

மூன்றாவது விதி இன்னும் நுட்பமானது. மிகு பகு எண்ணில் உள்ள மிகப் பெரிய பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். இதற்கு 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே விதிவிலக்கு. எண்ணற்ற எண்களுக்குப் பொருந்தும் ஒரு விதிக்கு இரண்டே விதிவிலக்குகள்தாம் உண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது வியப்புக்குரியது.

இவ்விதிகளைத் துணையாகக் கொண்டு, கணினியோ கணிப்பானோ இல்லாத அக்காலத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணையாக்கினார். அந்த அட்டவணையின் கடைசி எண் 6 746 328 388 800. இதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒவ்வோர் எண்ணிக்கையுடனும் ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, பின்னர் ஐந்து முறை 2 எனக் கிடைக்கும். இவற்றைப் பெருக்கினால் 10 080. இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணுக்கு அத்தனை காரணிகள்! அதற்கு முன்னுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

அவ்வட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருந்ததைப் பிற்கால அறிஞர்கள் கண்டனர். அந்த எண் 293 318 625 600. அதற்கு 5040 காரணிகள். அட்டவணையின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும். எண்ணிக்கையில் நேர்ந்த இச்சிறு விடுபடுதலால் அவர் நிறுவிய விதிகளுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. விடுபட்ட எண்ணும் அவ்விதிகளுக்கு அப்படியே பொருந்தி நிற்கிறது.

1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், மிகு பகு எண்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சிக்காக இராமானுஜனுக்கு ஆய்வு வழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. இந்தியாவில் இரண்டு முறை தேர்வில் தோற்றுப் பட்டமின்றி வீதியில் நின்ற இளைஞர், இருபத்தெட்டாம் வயதில் பட்டதாரியானார்.

போரும் நோயும்

இப்பெருமைகளுக்கிடையே அவர் உடல் நலிந்துகொண்டிருந்தது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. இராமானுஜன் இறைச்சி உண்ணாதவர். கல்லூரி உணவைத் தவிர்த்துத் தம் அறையிலேயே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் காய்கறிகளும் பிற பொருள்களும் கிடைப்பது அரிதாயிற்று. பழகாத குளிர் வேறு. ஆய்வில் மூழ்கிவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுவார். ஊரிலிருந்து வரும் கடிதங்களும் குறைந்தன. 1917ஆம் ஆண்டு கடும் நோய்வாய்ப்பட்டார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதினர். மருத்துவமனைகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் மாறி மாறித் தங்க நேர்ந்தது. அவர் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த பிற்கால மருத்துவர் ஒருவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்.

நோய்ப் படுக்கையிலும் எண்கள் அவரை விட்டுப் பிரியவில்லை. பட்னி என்னும் இடத்தில் சிகிச்சை பெற்ற அவரைக் காண ஹார்டி ஒருமுறை வந்தார். தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அதில் சிறப்பு ஒன்றும் தெரியவில்லை என்றும் அவர் பேச்சுவாக்கில் கூறினார். இராமானுஜன் அதை மறுத்தார். இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். 12இன் கனமும் 1இன் கனமும் சேர்ந்தால் 1729. 10இன் கனமும் 9இன் கனமும் சேர்ந்தாலும் 1729. பல ஆண்டுகள் எண்களோடு பழகியவருக்கே இத்தகைய விடை சட்டென்று தோன்றும்.

1918ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராக இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவரே. அதே ஆண்டு அக்டோபர் மாதம் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அங்கு அப்பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. ஆனாலும், 1920ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் தாம் கண்ட முற்றிலும் புதிய வகைச் சார்புகளைப் பற்றி எழுதினார். படுத்த படுக்கையாக இருந்தபோதும் தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கிக் கணக்கிட்டார். ஜானகி அம்மாள் அருகிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டார். எழுதிய தாள்களையும் பத்திரப்படுத்தினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் இராமானுஜன் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

காலம் கடந்து நின்ற பணி

அவர் மறைவுடன் அவர் பணி முடிந்துவிடவில்லை. அவர் இறுதி நாள்களில் எழுதிய தாள்கள் பல்லாண்டுகள் எவர் பார்வைக்கும் வராமல் இருந்தன. 1976ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார்.

மிகு பகு எண்களின் கதையிலும் இதே போன்ற ஒரு திருப்பம் உண்டு. 1915இல் இலண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இராமானுஜன் தம் கட்டுரையின் ஒரு பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அப்பகுதி எண்பது ஆண்டுகளுக்கும் மேல் முறையான வெளியீடின்றிக் கிடந்தது. நிக்கோலா, ரோபன் என்னும் இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் அதைத் திருத்தமாகப் பதிப்பித்து 1997ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதை வெளியிட்ட இதழின் பெயரும் இராமானுஜன் என்பதே.

வெளிவராமல் கிடந்த அப்பகுதியில் எண்களின் காரணிகளைக் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதையும் அவர் ஆராய்ந்திருந்தார். ரீமன் கருதுகோள் உண்மையானால், மிகப் பெரிய எண்கள் அனைத்திலும் அத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்கும் என்பது அவர் கண்ட முடிவு. பகா எண்களின் பரவலைப் பற்றிய ரீமன் கருதுகோள் இன்றுவரை நிறுவப்படாத பெரும் புதிர். 1984ஆம் ஆண்டு ரோபன் இவ்வுறவை மேலும் கூர்மையாக்கினார். 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களும் அந்த எல்லைக்குள் அடங்கினால் ரீமன் கருதுகோள் உண்மை. ஓர் எண் தப்பினாலும் அது பொய். பிளேட்டோ குடிமக்களை எண்ணத் தேர்ந்த 5040, இக்காலக் கணிதத்தின் பெரும் புதிருக்கு எல்லைக்கல்லாக நிற்பது விந்தையே. காரணிகளில் ஏழையான பகா எண்ணும் செல்வரான மிகு பகு எண்ணும் ஒரே நூலின் இரு முனைகள் என்பதை இது காட்டுகிறது.

இந்திய அரசு 2012ஆம் ஆண்டைத் தேசியக் கணித ஆண்டாக அறிவித்தது. இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இராமானுஜனின் வாழ்க்கை நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒருவர் தம் துறையில் கொண்ட ஈடுபாட்டை வறுமையும் தோல்வியும் அணைத்துவிட முடியாது என்பது ஒன்று. திறமை எவ்வளவு பெரிதாயினும் அதைக் கண்டு கைதூக்கிவிடுவோர் தேவை என்பது மற்றொன்று. இராமசாமி ஐயரும் இராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்காமல் திருப்பிக் கொடுத்திருந்தால், ஹார்டியின் மேசைக்கு அக்கடிதம் போயே இருக்காது. உடல்நலத்தைப் பேண வேண்டியதன் இன்றியமையாமையையும் அவரது குறுகிய ஆயுள் நமக்கு நினைவூட்டுகிறது.

மாணவர்களே, அடுத்த முறை கடிகாரத்தைப் பார்க்கும்போது, ஒரு மணிநேரத்தை ஏன் 60 பாகங்களாகப் பிரித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 60க்கு அடுத்த மிகு பகு எண் எது என்பதைத் தாளில் எழுதிக் கண்டுபிடிக்க முயலுங்கள். அதற்குத் தேவையான விதிகளை இராமானுஜன் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.